பேர் விழாத நாளும் பிக்காசோ சாயலும்

நவீன ஓவியத்தை நேரில் பார்க்கப் பதுளைக்காரர் ஏறத்தாழ 290 கிலோமீட்டர் ரயிலில் குலுங்க வேண்டும். கொழும்பு பார்ன்ஸ் பிளேசில் ஓவியர் ஹாரி பீரிஸ் வாழ்ந்த வீடுதான் இன்று சபுமல் நிறுவகம். 1943இல் தொடங்கிய ‘43 குழு’ ஓவியர்களின் படங்கள் அங்கே சுவரெல்லாம். அவர்களில் ஒருவரான ஜோர்ஜ் கீட் வரைந்த முகம் ஒரே நேரத்தில் நேராகவும் பக்கவாட்டிலும் பார்க்கும், பிக்காசோவின் தாக்கமாம். எங்கள் தேயிலை மலைக் கங்காணிக்கு அது பழைய வித்தை. எந்த நிரையில் நின்றாலும் அவர் பார்வை நம்மேல்தான்.

டிக்கெட் காசு பெரிதல்ல. போக வர இரண்டு நாள் பேர் விழாதே, சம்பளம் போகுமே, அதுதான் விலை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், கலை தோட்டத்திலும் உண்டு. கொழுந்துக் கூடையோடு பெண் சிரிக்கும் படம் ஏற்றுமதித் தேயிலைப் பெட்டிகளில் இருக்கிறது. அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் தூளைத்தான் லயத்தில் யாரும் நேரில் பார்த்ததில்லை.