பேரைச் சொல்லு கண்ணு

தொண்ணூறுகளில் நாங்கள் கோயமுத்தூரில் பிசியோதெரபி படித்தபோது, ஆராய்ச்சி என்றால் தங்க எழுத்து பொறித்த தடித்த தீசிஸ்தான். காந்திபுரத்து டிடிபி கடையில் பழியாய்க் கிடந்து டைப் அடித்து வாங்கி, பைண்டிங் போட்டு, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, கல்லூரி நூலகத்துக்கு ஒன்று, கைடுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பக்கவாதம் வந்தவர்களின் தோள்வலி பற்றி நான் எழுதியது நேராகக் கண்ணாடி அலமாரிக்குள் போனது. அதைப் பிறர் படிக்கும்படி செய்வதும் ஆராய்ச்சியில் சேர்ந்ததுதான் என்று அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டிலும் அதே பாடம். "செஞ்சத நாமளே சொல்லிக்கிட்டுத் திரியக் கூடாது கண்ணு, நாலு பேரு சொல்லோணும்" என்பார் அப்புச்சி. கொங்குப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு, பெண்பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக, இது பாலோடு ஊட்டப்பட்டது. கட்டுரை வெளிவந்தால் பெரியவர் பெயர் முதலில் இருக்கும். அளவெடுத்து, நோயாளியோடு மல்லுக்கட்டி, கணக்குப் போட்டவரின் பெயர் பல சமயம் நன்றியுரையோடு நின்றுவிடும். அது தவறு என்று யாருக்கும் தோன்றாத காலம்.

மறுவாழ்வுத் துறையின் பெரியவர்களும் தங்களைப் பற்றிப் பேசிக்கொண்டவர்கள் அல்ல. வேலூர் சிஎம்சி டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, கால்கள் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வேலூரில் அந்தத் துறையை வளர்த்தார். 1966இல் அங்கே தனி நிலையமே எழுந்தது. வெளியுலகம் அவரை அறிந்ததில் டொரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படி எழுத ஆள் வாய்க்காதவர்களின் உழைப்பு அவர்களோடே போயிற்று. எனக்கு ஆறாத துக்கம் இது.

இன்று எல்லாம் தலைகீழ். பிசியோதெரபி முதுநிலையின் (எம்பிடி) முதல் ஆண்டிலேயே லிங்க்ட்இன் பக்கம், கூகுள் ஸ்காலர் கணக்கு, போஸ்டர் முன் நின்ற படம் எல்லாம் வந்துவிடுகின்றன. "சொல்லிக்கிட்டுத் திரியாதே" என்று வளர்க்கப்பட்ட நானே இப்போது "உங்கள் வேலையை எப்படிச் சொல்வது" என்று இளையவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். மனமொப்பித்தான் எடுக்கிறேன். மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறக்கூடியவர்கள் உலகில் 241 கோடிப் பேர் என்று 2020இல் லான்செட் இதழ் கணக்குச் சொன்னது. இத்தனை பேருக்கு வேண்டிய ஒன்றைக் கண்டறிந்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதை அடக்கம் என்று என்னால் இனிமேல் சொல்ல முடியாது.

வகுப்பில் முதலில் பேசுவது பெயரைப் பற்றித்தான். நம் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் நிற்கிறது. வெளிநாட்டு ஆய்விதழ் குடும்பப் பெயர் கேட்கும். பிள்ளைகள் அப்பா பெயரை எழுதிவிடுவார்கள். அதன்பின் ஒரு பெண்ணின் ஆராய்ச்சியை உலகம் அவள் அப்பா பெயரால் மேற்கோள் காட்டும். கல்யாணமானதும் இனிஷியல் மாறினால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவாள். புகழ்பெற்றவர்களுக்கே பெயர்க் குழப்பம் நேர்ந்திருக்கிறது. கோயமுத்தூர் கங்கா மருத்துவமனையின் கை அறுவை நிபுணர் டாக்டர் எஸ். ராஜ சபாபதியின் பெயர் ஆய்விதழ்களில் பிரிந்தும் சேர்ந்தும் இரண்டு விதமாக அச்சாகியிருக்கிறது. 2012இல் வந்த ஓர்கிட் (ORCID) என்ற 16 இலக்க ஆய்வாளர் எண் இதற்காகத்தான். காசில்லாமல் கிடைக்கிறது. பெயர் எப்படி மாறினாலும் எண் ஒன்றே. முதல் கட்டுரைக்கு முன்பே அதை வாங்கி, பெயரை ஒரே விதமாக எழுதுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

அடுத்து மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் அதே மருத்துவமனையின் கதையைச் சொல்வேன். விபத்தில் சிதைந்த காலைக் காப்பாற்றுவதா, எடுத்துவிடுவதா என்பது விரைவில் முடிவாக வேண்டியது. நோயாளி பிறகு எப்படி நடப்பார் என்பதும் அதில்தான் இருக்கிறது. டாக்டர் எஸ். ராஜசேகரனும் குழுவினரும் தோல், எலும்பு, தசை-நரம்பு மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் தந்து, நோயாளியின் மற்ற உடல்நிலையையும் சேர்த்து ஓர் அளவுகோல் அமைத்தார்கள். 14 வரை என்றால் காலைக் காப்பாற்றலாம். 17 முதல் எடுப்பதே மேல். 15, 16 என்றால் அனுபவம் சொல்ல வேண்டும். 2006இல் பிரிட்டனிலிருந்து வரும் எலும்பு மூட்டு அறுவை இதழில் அது வெளிவந்தது. அளவுகோலுக்கு ஆள் பெயரை வைக்காமல் கங்கா மருத்துவமனையின் பெயரையே வைத்தார்கள். இன்று எங்கோ ஒரு நாட்டு டாக்டர் ஒரு காலுக்கு மதிப்பெண் போடும்போது நம் ஊர் மருத்துவமனையின் பெயரைச் சொல்கிறார். தன் வேலையைச் சொல்லிக்கொள்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பெயர் வேலையோடு ஒட்டிக்கொண்டே பயணம் போகிறது.

பணம் கேட்டு வரும் போலி இதழ்களின் மின்னஞ்சலைப் பற்றியும் எச்சரிப்பேன். கடன் வாங்கிப் படிக்கவைத்த அப்பாவின் காசு அதில் போவதைப் பார்க்க வயிறெரிகிறது.

இத்தனையிலும் இன்றைய பிள்ளைகள் விட்டுவிடும் ஓரிடம் உண்டு. ஆனைமலைப் பக்கம் தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட ஒருவர், வீட்டுக்குப் போன என்னிடம் கேட்டார்: "அன்னைக்கு அந்தப் புள்ள வந்து ரெண்டு மணி நேரம் எழுதிட்டுப் போச்சுங்களே, அது என்னாச்சுங்க?" ஆய்வுக்காக வந்த அந்தப் பிள்ளையின் கட்டுரை வெளியாகி, லிங்க்ட்இன்னில் வாழ்த்துகளும் குவிந்திருந்தன. அவருக்கு ஒரு வரி போய்ச் சேரவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் தீசிஸும் இப்படித்தான் அலமாரியில் கிடந்தது. இப்போது அலமாரி மட்டும் ஊருலகம் பார்க்கும் இடத்துக்கு வந்திருக்கிறது.

பல்லடத்து விசைத்தறிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, தறி ஓட்டுபவர்களின் கழுத்து, தோள் வலியை ஆய்வுக்கு எடுத்தாள். "என்னைப் பத்தி நானே எப்படிங் மேடம் எழுதறது?" என்று கூசினாள். "உன்னைப் பத்தி வேண்டாம் கண்ணு. கண்டுபிடிச்சதை முதல்ல தறிக்காரங்களுக்குச் சொல்லு, ஆனா பேரைச் சொல்லிட்டுச் சொல்லு" என்றேன். தன் பெயரையும் படிப்பையும் சொல்லி, எந்தப் பயிற்சியை எப்போது செய்வது என்று நாலு நிமிடம் தமிழில் பேசிப் பதிந்து, தறிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். சோமனூரிலிருந்து ஒரு தறிப் பட்டறைக்காரர் கூப்பிட்டு, தன் ஆட்களுக்கு நேரில் வந்து சொல்லித்தர முடியுமா என்று கேட்டார்.

அந்தப் பதிவை சிவியில் எந்தத் தலைப்பில் போடுவது என்று அவள் என்னிடம் கேட்டாள். எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்கு இடமில்லை. ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாணவர் செய்த வேலைக்கு மாணவர் பெயரே முதலில் வர வேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்த்திருக்கிறேன்.