மேன்ஷன் அண்ணன்

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒவ்வொன்றிலும் ஓர் அண்ணன் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்க வந்தவர் எம்.ஃபில். முடித்தார், பி.எச்டி.க்குப் பதிந்தார், நடுநடுவே குரூப் ஒன் எழுதினார். ஜன்னலோரக் கட்டிலை மட்டும் விடவில்லை. கூட வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது காலேஜுக்கு விண்ணப்பம் போடுகிறார்கள்.

நம் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போவது, குளியலறையில் முக்கால் மணி நேரம் கச்சேரி செய்வது இதையெல்லாம் மன்னித்துவிடலாம். தாங்க முடியாதது அவருடைய சரித்திர ஞானம். எந்தக் குறையைச் சொன்னாலும் பதிலுக்கு ஒரு மகானை இறக்குவார்.

"அண்ணே, மூட்டைப்பூச்சி தூங்கவே விடல" என்பான் புதுப் பையன்.

"துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவுக்குப் பொடிநடையா போயிரலாம் தம்பி. பாரதியார் கடைசியா குடியிருந்த வீடு அங்கதான். அப்பேர்ப்பட்ட மண்ணுல வந்து தூக்கம் கேக்குறியே!"

அரியர் விழுந்தால் அதற்கு ராமானுஜன். "அவரே எஃப்.ஏ. பரீட்சைல தேறலப்பா. அனுமந்தராயன் கோயில் தெருவுலதான் இருந்தாரு. 1913ல இதே யுனிவர்சிட்டி கூப்பிட்டு மாசம் 75 ரூபா உதவித்தொகை குடுத்துச்சு." ராமானுஜன் கணக்கில் மட்டும் தேறினார் என்பதையும், இவன் கணக்கில்தான் அரியர் வைத்திருக்கிறான் என்பதையும் அண்ணன் பொருட்படுத்த மாட்டார்.

தீசிஸ் எப்போது முடியும் என்று மட்டும் அவரைக் கேட்டுவிடக் கூடாது. "செனட் ஹவுஸை 1874ல ஆரம்பிச்சாங்க, 1879லதான் முடிச்சாங்க. சிஸோம் துரைக்கே அஞ்சு வருஷம் ஆச்சு!" அண்ணனுக்கு அந்த அஞ்சு போய், இன்னொரு அஞ்சும் போய்விட்டது. அதைச் சொன்னால் காது கேட்காது.

எல்லாவற்றையும் மிஞ்சியது மாசக் கடைசிச் சரித்திரம். "1878. நம்ம திருவல்லிக்கேணிப் பசங்க ஆறு பேரு. நாலு பேரு லா ஸ்டூடண்ட், ரெண்டு பேரு வாத்தியாரு. ஒன்றே முக்கால் ரூபா கடன் வாங்கி 80 காப்பி அடிச்சாங்க. அதான் 'இந்து' பத்திரிகை. கடன்னா கேவலம்னு நெனச்சிருந்தா நடந்திருக்குமா?" கதை முடியும்போது கை நீண்டிருக்கும். "ஒரு இருநூறு இருக்குமா தம்பி?" கடன் வாங்கிய ஆறு பேரிடமிருந்து ஒரு பத்திரிகை வந்தது. அண்ணனிடமிருந்து இதுவரை எதுவும் வரவில்லை, அந்த இருநூறு உட்பட.

ஆனாலும் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் அவர்தான். ரத்னா கபே இட்லியைச் சாம்பாரில் முங்க முங்க வாங்கி வருவார். மாத்திரையைக் கையில் வைத்து, விழுங்குகிற வரை நிற்பார். யார் காசில் வாங்கினார் என்பது மறுநாள்தான் தெரியும். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

எனக்குக் கோபம் வந்தது மோட்டார் விஷயத்தில். மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. வாளியோடு படி ஏறி அலுத்துப்போன பையன்கள் ஒன்றுகூடி மேனேஜரைப் பிடித்தார்கள். அந்த ஆளும் வழிக்கு வருகிற நேரத்தில் நடுவில் புகுந்தார் அண்ணன். பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பாரதியார் பழம் கொடுக்கப்போன கதையை உருக்கமாக ஆரம்பித்தார். யானை தள்ளிவிட்டதும் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்; கூட்டம் கலைந்தது. மேனேஜர் அண்ணனுக்கு டீ சொன்னார். அடுத்த மாதம் வாடகை ஏறியது. மூன்று பேர் அறையில் நாலாவது கட்டிலும் வந்தது.

பெரியவர்கள் இங்கே கஷ்டப்பட்டது அவர்கள் தலையெழுத்து. அதையே காட்டிக் காட்டி, பின்னால் வருகிற பையன்களும் கஷ்டப்படத்தான் வேண்டும் என்பது என்ன நியாயம்? மேன்ஷன் ஓனர் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தாலும் இப்படி ஒருவர் கிடைக்க மாட்டார். அண்ணே, மோட்டார் ஓடாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பாரதியாருக்கு ரிப்பேர் தெரியாது.