ஹூக்ளிக்கு வந்த பீர்

கொல்கத்தா வெயிலில் பாட்டில் பீர் தாங்குமா?
*(வாசகர், லேக் மார்க்கெட், கொல்கத்தா)*

கடலையே தாங்கியது, வெயில் எம்மாத்திரம்? லண்டனில் ஹாட்ஜ்சன் காய்ச்சிய பீர், பீப்பாயில் ஏறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி, மாதக்கணக்கில் மிதந்துதான் அன்றைய கல்கத்தாவுக்கு வந்தது. ஹாப்ஸ் பூவின் கசப்பு அதைக் காத்தது. கப்பலின் ஆட்டத்திலும் சூட்டிலும் அது நன்றாகவே பதப்பட்டது. 1820-களில் பர்ட்டன் ஊர் ஆல்சாப்பும் இந்தச் சந்தைக்குள் இறங்கினார்.

ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் ஜில்லென்று குடித்தது எப்படி?

வெடிமருந்துச் சரக்கால்! வெடியுப்பு கரையும்போது தண்ணீர் குளிரும். அதில் பாட்டிலை அமிழ்த்திச் சுழற்றிக்கொண்டே இருக்க ‘ஆப்தார்’ என்று தனிப் பணியாள் இருந்தார். 1833 செப்டம்பரில் பாஸ்டனிலிருந்து ‘டஸ்கனி’ கப்பல் ஐஸ் கொண்டுவந்தது. ஏற்றியது 180 டன். கரைந்தது போக மிஞ்சியது சுமார் 100 டன்.

நாமே வீட்டில் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்தால்?

பாட்டில் வெடிக்கும் முன் கலால்காரர் கதவைத் தட்டுவார். 1909-ம் ஆண்டு வங்காளக் கலால் சட்டப்படி உரிமம் வேண்டும்.

வீட்டில் காய்ச்ச அனுமதியுள்ள இங்கிலாந்தில் தம்பி இருந்தால் அவரிடம் சொல்லுங்கள்: நொதிப்பு முழுக்க அடங்கியபின் லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை போதும், கூடினால் கண்ணாடி சிதறும். பழுப்பு பாட்டில்தான் நல்லது. வெளிச்சம் பட்டால் நாற்றம் வரும். நிமிர்த்தி வைத்து, 20 டிகிரியில் இரண்டு வாரம் விடட்டும். அதன்பிறகே ஃபிரிட்ஜ்.