பதினாறு துண்டுகள்

2010-இல் சென்னையில் நான் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்த அலுவலகத்துக்குப் புது சர்வர் வந்தது. இரண்டு இன்டெல் ஜியான் 5500 ப்ராசஸர், 18 ரேம் ஸ்லாட். 64 ஜிபி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். தலா 4 ஜிபி, 16 துண்டுகள்.

மாதக் கடைசி அறிக்கை இழுத்தடித்தது. டிஸ்க் மீது சந்தேகப்பட்டோம், இண்டெக்ஸை மாற்றினோம். கடைசியில் ஹார்ட்வேர் என்ஜினியர் ஒருவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், ஒரு ப்ராசஸருக்கு மூணு சேனல். எட்டை எப்படி மூணாப் பிரிச்சீங்க?"

அதற்கு முந்தைய ஜியான்களில் ரேமைக் கவனித்தது மதர்போர்டில் இருந்த தனி சிப். ப்ராசஸர் இரண்டுக்கும் அது பொது. 2009-இல் 5500 வந்தபோது அந்த வேலை ப்ராசஸருக்குள்ளேயே போய்விட்டது. சேனல் என்பது ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையிலான பாதை. ஒரு சேனலுக்கு ஒரு துண்டு போட்டால் வேகமான மாடல்களில் ரேமின் வேகம் 1333. இரண்டு போட்டால் 1066. மூன்றாவதைச் செருகினால் 800. என் எட்டும் 3-3-2 என்று உட்கார்ந்து எல்லாவற்றையும் 800-க்கு இறக்கியிருந்தன. அவர் நான்கைக் கழற்றி எடுத்தார். 48 ஜிபி, 1066. எங்கள் டேட்டாவுக்கு அது போதுமானதாக இருந்தது; அறிக்கை முன்பைவிடச் சீக்கிரம் முடிந்தது. கழற்றிய நான்கும் வெகுநாள் என் மேஜை டிராயரில் கிடந்தன.

போன மாதம் எங்கள் அலுவலகத்தின் இளம் டேட்டாபேஸ் நிர்வாகி ஓர் ஆர்டரைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு ஏஎம்டி எபிக் 9004, தலா 64 ஜிபி ரேம், 16 துண்டுகள். மொத்தம் 1 டிபி. அந்த 16-ஐப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டேன்.

2022-இல் வந்த அந்த வரிசையில் ஒரு ப்ராசஸருக்கு 12 சேனல். எட்டு போட்டால் நான்கு சும்மா கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய பாதையில் மூன்றில் ஒரு பங்கு அடைபட்டுப் போகும். ஒற்றை வரியைத் தேடி எடுக்கும் வேலைக்கு அது பெரிதாக உறைக்காது. நாங்கள் ஓட்டுவதோ கோடிக்கணக்கான வரிகளை அள்ளிக் கூட்டும் வேலை. அதற்கு அந்தப் பாதைதான் உயிர். சேனலை எண்ணாமல் ஜிபியை மட்டும் எண்ணினால் எனக்கு இன்றும் பொறுக்காது.

"48 ஜிபி துண்டும் வருதும்மா. 24 போட்டுப் பாருங்க."

மனக்கணக்குப் போட்டார். "1152 வருது சார். 1 டிபிக்கு மேலயே இருக்கு."

அந்த சர்வரின் கையேட்டில் 48 உண்டா என்று பார்க்க, தாளை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.