நூலில்லாப் பாயிரம்: பிட்ச் டெக் இலக்கணம் பற்றிய ஒரு முதற்கட்ட ஆய்வு

முதலீட்டாளரிடம் பணம் கேட்கப் போகும்போது கையோடு கொண்டுபோகும் ஸ்லைடுக் கட்டுக்குப் பிட்ச் டெக் என்று பெயர். இது அமெரிக்கச் சரக்கு என்றொரு கருத்து நிலவுகிறது. பிழையான கருத்து. 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் இதற்கு முழு இலக்கணமும் வகுத்துவிட்டார் என்பது இக்கட்டுரையாளனின் துணிபு. ஸ்லைடு என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை என்பதைத் தவிர வேறு தடை எதுவும் எனக்குத் தென்படவில்லை.

இவ்வாய்வுக்குக் காரணம் என் தங்கை மகன். தரமணியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, இட்லி மாவு கம்பெனி தொடங்கப் போகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மடிக்கணினியும் கையுமாக வந்து உட்கார்ந்தான். "நீங்கதான் இன்வெஸ்டர்னு நெனச்சுக்குங்க மாமா." நினைத்துக்கொள்வதற்குச் செலவில்லை. ஒப்புக்கொண்டேன்.

ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது நன்னூல் விதி: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். பையனின் ஸ்லைடுகள் ஒவ்வொன்றாக நகர நகர என் உடம்பு சிலிர்த்தது. ஆக்கியோன் என்பது டீம் ஸ்லைடு. நுதலிய பொருள் என்பது 'பிராப்ளம், சொல்யூஷன்'. கேட்போர் வாடிக்கையாளர். யாப்பு, பிசினஸ் மாடல். வழி என்பது இந்நூல் எந்த முதல்நூலின் வழி வந்தது என்று சொல்வது, பையன் அதை ஒரே வரியில் முடித்திருந்தான்: "நாங்க மாவுக்கு ஊபர்." இதைவிடச் சுருக்கமாக வழிநூல் இலக்கணத்தை எந்த உரைகாரரும் சொன்னதில்லை.

எல்லை என்ற உறுப்பில்தான் சிக்கல் பிறக்கிறது. நூல் வழங்கும் நிலப்பரப்பே எல்லை. இன்றைய வழக்கில் மார்க்கெட் சைஸ். பையனின் கணக்கு வருமாறு: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். எல்லாரும் இட்லி தின்பவர்கள். "இதுல ஒரு பர்சென்ட் நமக்கு வந்தாப் போதும் மாமா." அந்த 7.21 கோடியில் கணக்கெடுப்புக்கு முந்தின நாள் பிறந்த குழந்தையும் அடக்கம் என்பதைச் சுட்டிக்காட்டினேன். அதற்கும் இப்போது இட்லி தின்னும் வயது வந்திருக்கும் என்றான். அவன் வாதத்தில் ஓட்டை இல்லை. கணக்கில்தான் ஓட்டை. அந்த ஒரு சதவீதத்தார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், ஒருவரைப் பிடிக்க எவ்வளவு செலவு, பிடித்தவர் மறுவாரம் மறுபடி வாங்குவாரா என்பவற்றுக்கு ஸ்லைடில் விடையில்லை. திருவான்மியூரில் நாற்பது வீட்டுக்கு மாவு போட்டேன், முப்பது வீட்டில் மறுபடி கேட்டார்கள் என்று ஒரு வரி இருந்திருந்தால், ஏழு கோடியையும் தூக்கி எறிந்துவிட்டு அந்த முப்பதை நம்பியிருப்பேன்.

இத்துறையின் தொல்லேடு, பயணிகளுக்குப் பிறர் வீட்டில் தங்க இடம் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி நிறுவனத்தின் தொடக்ககால டெக். அதன் எல்லைப் பகுதியில் பாடபேதம் உண்டு. இணையத்தில் உலவும் ஒரு படியில் உலகப் பயணங்கள் 190 கோடி. அழகுபடுத்திய இன்னொரு படியில் 200 கோடி. ஏடு பெயர்த்தெழுதியவர் கைபட்டுப் பத்துக் கோடிப் பயணங்கள் கூடிவிட்டன; யாரும் கவலைப்படவில்லை. 2008இல் அந்நிறுவனத்தார் ஒன்றரை லட்சம் டாலர் கேட்டு ஏழு முதலீட்டாளர்களை அணுகினார்கள். ஐவர் மறுத்தனர். இருவர் பதிலே போடவில்லை. பிறகு கையில் காசில்லாமல், அமெரிக்கத் தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் ஒபாமா, மெக்கெய்ன் பெயரில் தானியப் பெட்டி தயாரித்து ஒன்று 40 டாலருக்கு விற்றார்கள். புதுக் கம்பெனிகளுக்கு முதல் கொடுத்து வளர்த்துவிடும் ஒய் காம்பினேட்டர் அவர்களைச் சேர்த்துக்கொண்டதற்கு அந்தப் பெட்டியே பெருங்காரணம். ஆக்கியோன் எப்படிப்பட்டவன் என்பதைப் புகைப்படத்தைவிடப் பெட்டி நன்றாகச் சொல்லிவிட்டது என்க.

இனி அளவு. கை கவாசாகி என்னும் ஆசிரியர் 10, 20, 30 என்று சூத்திரம் செய்தார்: பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், எழுத்தளவு முப்பதுக்குக் குறையாமல். முப்பது கடினம் என்போருக்கு ஒரு புறனடையும் தந்தார். அறையிலேயே மூத்தவரின் வயதைக் கண்டுபிடித்து இரண்டால் வகுத்துக்கொள்ளலாம். எனக்கு 62. பையன் வைத்திருந்த எழுத்தளவு 12. இருபத்துநான்கு வயது முதலீட்டாளரை எதிர்பார்த்திருக்கிறான் போலும். போதாக்குறைக்கு, டாக்செண்ட் என்னும் நிறுவனம் 2015இல் அளந்து பார்த்ததில், முதலீட்டாளர் ஒரு டெக்கைப் பார்க்கும் சராசரி நேரம் 3 நிமிடம் 44 விநாடி. ஓர் ஈடு இட்லி வேக ஆகும் நேரத்தில் பாதிகூட இல்லை. அதற்குள் பையனின் 31 ஸ்லைடு.

வருவாய் வரைபடம் எல்லா டெக்கிலும் ஒன்றே. முதலில் பூசணிக்கொடிபோலத் தரையில் ஊர்ந்து, கடைசியில் பனைமரமாக நிமிரும். விரித்துரைக்க ஒன்றுமில்லை.

போட்டியாளர் ஸ்லைடு தனி ஆய்வுக்குரியது. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள், நான்கு கட்டங்கள். போட்டிக் கம்பெனிகள் கீழேயும் இடப்பக்கமும் சிதறிக் கிடக்க, தன் கம்பெனி மட்டும் வலப்பக்க மேல்மூலையில் தனியே ஒளிவிடும். நிலப்படத்தில் அது வடகிழக்கு, அதாவது ஈசானி மூலை. பூஜையறைக்குரிய இடம். சிலிக்கான் பள்ளத்தாக்கினர் வாஸ்து பார்க்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தெருமுனை அண்ணாச்சிக் கடையைப் பையனின் படத்தில் தேடினேன். எந்தக் கட்டத்திலும் இல்லை. பாதி ஊருக்கு மாவு அங்கிருந்துதான் போகிறது.

தன்னைத் தானே இத்தனை புகழலாமா என்ற ஐயத்தையும் நன்னூலாரே எதிர்கொண்டிருக்கிறார். கூடாது, பாயிரத்தை ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ செய்ய வேண்டும் என்கிறார். ஆயினும் நான்கு இடங்களில் விலக்கு அளிக்கிறார்: மன்னன் அவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றல் அறியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி பழிக்கும்போது. டெக்கை மின்னஞ்சலில் அனுப்புவது முதலாவது. ஜூம் கூட்டம் இரண்டாவது. கேள்வி நேரம் மூன்றாவது. நான்காவது, வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்பது.

கடைசி ஸ்லைடு 'ஆஸ்க்'. இரண்டு கோடி கேட்டிருந்தான். எதற்கு, எத்தனை மாதத்துக்கு என்றேன். "பதினெட்டு மாசம் தாங்கும் மாமா. ஆப், மார்க்கெட்டிங், டீம்."

பாயிரம் இல்லாதது நூலே ஆகாது என்பதில் பவணந்தியார் கண்டிப்பானவர். நூல் இல்லாத பாயிரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. ஆகவே நானே கேட்க வேண்டியதாயிற்று.

"மாவு எங்கடா?"

"அது அடுத்த ரவுண்டுல மாமா."