சட்டுவச் சங்கீதம்

"இன்னிக்குச் சமையக்கட்டுப் பக்கம் யாரும் வர வேண்டாம், நூடுல்ஸ் நான் பண்றேன்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரகடனம் செய்துவிட்டு, ஒருத்தியைக் குடைமிளகாய் நறுக்கவும், ஒருவனைப் பூண்டு உரிக்கவும், மற்றொருத்தியை உலை வைக்கவும் அடுத்த நிமிஷமே உள்ளே அழைத்துக்கொண்டு, தாம் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிச் சட்டுவமும் கையுமாக வடச்சட்டியின் முன்னே நிற்கிற கிருகஸ்தர்கள் ஊருக்கு ஊர் உண்டு. எவரையும் உத்தேசித்து இதை எழுதவில்லை. அவர்களில் ஒருவர் என் அக்காளின் கணவராக வாய்த்தது தற்செயல்.

ஈரோட்டுத் தள்ளுவண்டிக் கடை ஒன்றில், மாஸ்டர் இரும்புச் சட்டியை ஒரு கையால் தூக்கிப் போட்டு மறு கையால் அதன் விளிம்பில் 'டங், டடங்' என்று தட்டியதைப் பார்த்துவிட்டு வந்த நாள் முதலாக, நூடுல்ஸின் ருசி மிளகாய் விழுதிலும் இல்லை, சோயா சாஸிலும் இல்லை, அந்தத் தட்டலில்தான் இருக்கிறது என்பது இவருடைய சித்தாந்தம். எண்ணெய் காய்ந்ததும் ஒரு தட்டு, வெங்காயம் விழுந்ததும் இரண்டு, கோஸுக்கு மூன்று, எதுவும் விழாத இடைவேளையில், கை மறந்துவிடாதிருக்கும் பொருட்டு, நான்கு. 'கொடுமுடி கோகிலம்' கே.பி. சுந்தராம்பாள் பிறந்தது எங்கள் ஊராகையால் நாத விஷயத்தில் எங்களுக்குச் சற்றுக் கௌரவம் உண்டு. இப்போது அது ஆபத்தில் இருக்கிறது. தெற்கு நோக்கி வந்த காவிரி எங்கள் ஊரில்தான் கிழக்கே திரும்புகிறாள். புராணிகரும் பூகோள வாத்தியாரும் அதற்கு என்ன காரணம் சொன்னாலும், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எனக்கு வேறொரு காரணம் தோன்றும்.

கடைக்காரர் தட்டுவது, சட்டுவத்தில் ஒட்டியதை உதிர்ப்பதற்காக. அவருடைய அடுப்பு இரைந்து எரிவது. அதிலும் ஒன்றிரண்டு தட்டுக்கு மேல் ஒரு ஈட்டில் போடமாட்டார். நம்மவரோ, வீட்டு அடுப்பின் சிறு சுடரில் ஆறு பேருக்கானதை ஒரேயடியாகக் கவிழ்ப்பார். சட்டி சூடு தணிந்து, காய்கள் நீர் விட்டு, வதங்க வேண்டியவை வேகத் தொடங்கும். முக்கால் பதத்தில் வடித்துப் பச்சைத் தண்ணீர் ஊற்றி எண்ணெய் பிசிறி வைக்க வேண்டிய நூடுல்ஸ், இவர் சித்தாந்தத்தை விவரித்து முடிக்கும் வரையில் வெந்நீரிலேயே கிடந்து களியாகிவிட்டிருக்கும். பிறகு சட்டியைத் தூக்கிப் போட்டால் நூடுல்ஸ் எழும்புவதில்லை, இவர்தான் எழும்புவார்.

"எப்படி மாப்பிளே, கடைக்காரன் தோத்தான் போ!" என்பார், நான் விழுங்குவதற்கு முன்பே.

"சத்தம் அமோகமுங்க, மச்சான்" என்பேன். அவர் முகம் மலரும்.

குறை மட்டுமே சொல்வது தர்மமன்று. முதல் தட்டை, காரம் குறைத்துத் தனியாக எடுத்து வைத்து, என் தாயாருக்கு அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். பல் போன அந்தக் கிழவிக்குக் குழைவு சௌகரியம். "குழைஞ்ச சந்தகையாட்டமே இருக்குதுங்க மாப்பிள்ளை" என்று அவள் உண்மையாகவே பாராட்டுவாள். அவர் அருகில் உட்கார்ந்து, அவள் தின்று முடிக்கும் வரையில் தட்டைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்தக் கால்மணி நேரத்துக்காக அவருடைய சங்கீதம் முழுவதையும் மன்னித்துவிட எனக்குச் சம்மதமே.

ஆனால் சந்தகை என்றதும் எனக்கு ஆடி நோம்பி ஞாபகம் வந்துவிடுகிறது. புழுங்கலரிசியை ஊறவைத்து, கெட்டியாக ஆட்டி, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் நாழியில் இட்டு அழுத்தியாக வேண்டும். ஆறினால் இழை இறங்காது. சமையக்கட்டில் ஒரு வலுவான கை மெய்யாகவே தேவைப்படும் வேலை அது. அன்றைக்கு நம் மாஸ்டருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டுவிட்டது. முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, வடச்சட்டியை இடைவிடாமல் தட்டிய அதே தோள். திண்ணையில் சாய்ந்துகொண்டு, "ஏம்மிணி, எலுமிச்சை பிழிஞ்சு தாளிச்சதுல எனக்கு ரெண்டு தட்டு" என்று குரல் மட்டும் கொடுத்தார். உள்ளே அக்காள், முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நாழியின் பிடியில் உடம்பின் பாரம் முழுவதையும் சாய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையில் ஒரு சத்தமும் வெளியே கேட்பதில்லை.