பார்வையாளர் திலகம்

லண்டனில் ரசல் சதுக்கத்தைச் சுற்றிப் பல்கலைக்கழக நூலகங்களுக்குக் குறைவில்லை. செனட் ஹவுஸ், யூசிஎல், சோவாஸ் எல்லாம் கூப்பிடு தூரம். மாலையானால் எங்காவது ஒன்றில் கண்காட்சித் திறப்பு, இன்னொன்றில் புத்தக வெளியீடு, மற்றொன்றில் பழைய சுவடிகளை வெளியில் எடுத்துக் காட்டும் நாள். 'அனுமதி இலவசம், அனைவரும் வருக' என்று போட்டிருப்பார்கள். அனைவரும் வருவதில்லை. அவர் வருவார்.

அவர் என்று ஒருமையில் சொன்னாலும் இது தனி ஆள் அல்ல, ஒரு வகையறா. ஹரோவில் ஒருவர், ஈஸ்ட்ஹாமில் ஒருவர், டூட்டிங்கில் இருவர் என்று லண்டன் முழுக்கப் பரவியிருக்கிறார்கள். வயது 66-க்கு மேல். அந்த வயதில்தான் ஃப்ரீடம் பாஸ் கையில் வரும். வேலை நாட்களில் காலை 9 மணி தாண்டினால் டியூபும் பஸ்ஸும் காசில்லாமல் ஓடும். ஆகவே பிரயாணம் இலவசம், கூட்டம் இலவசம், சமோசாவும் இலவசம். மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது வீட்டில் இருப்பது வீண் செலவு என்பது அவருடைய சித்தாந்தம்.

முன்பதிவில் எப்போதும் இரண்டு சீட்டு எடுப்பார். ஒன்று தனக்கு, மற்றது மனைவிக்கு. அந்த அம்மா இதுவரை எந்த நூலகத்தையும் எட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் பெயருக்கு ஒரு ஸ்டிக்கர் அச்சாகி, வாசல் மேசையில் கடைசிவரை ஒட்டுவாரில்லாமல் கிடக்கும்.

முதல் வரிசையில் உட்கார மாட்டார். அது பேச்சாளரின் உறவினருக்கும், பாதியில் எழுந்து போகும் பெரிய மனிதர்களுக்கும் உரியது. இரண்டாம் வரிசையில் நடைபாதையோரக் கதிரைதான் அவருடையது. மைக் அந்த வழியாகத்தான் வரும்.

பேச்சு நடக்கும்போது கண்ணை மூடியிருப்பார். தூங்குகிறார் என்று நினைத்துவிடக் கூடாது. "இனிக் கேள்விகளுக்கு நேரம்" என்ற சொல் விழுவதற்கு அரைக் கணம் முன்பே கை மேலே நிற்கும். நூலகத்தில் இந்த நிகழ்ச்சிகளை நடத்தும் பிள்ளைகளுக்கு இவரைக் கையாளத் தனிப் பயிற்சியே தேவைப்படுகிறது. முதல் பாடம், மைக்கை அவர் கையில் கொடுக்கக் கூடாது. தாங்களே பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு அவரிடம் மாற்று உண்டு. பிடித்திருக்கும் பிள்ளையின் முழங்கையை வாஞ்சையாகத் தொட்டு, "நீங்கள் களைச்சுப் போவியள் பிள்ளை, தாங்கோ" என்பார். தமிழ்ப் பிள்ளையாக இருந்தால் அங்கேயே தோற்றாள். "ஷோர்ட்டா, அங்கிள்" என்று சொல்லிப் பார்ப்பாள். "ஓமோம், இரண்டே விஷயம்."

முதல் விஷயம் எப்போதும், "இது கேள்வியில்லை, ஒரு கருத்து" என்றுதான் தொடங்கும். பிறகு அவர் லண்டன் வந்த கதை. பிறகு, வளாகத்தில் 1996 முதல் நிற்கும் திருவள்ளுவர் சிலையைக் கடந்துதானே எல்லாரும் உள்ளே வந்தீர்கள், அவர் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஒரு குறுக்கு விசாரணை. சோவாஸில் நடக்கும் கூட்டமென்றால் இது பொருந்தும். மற்ற இடங்களிலும் கேட்பார்.

நான் ரசித்த ஒரு மாலையைச் சொல்ல வேண்டும். நூலகம் எப்படிச் சமூகத்தை நோக்கிப் போக வேண்டும் என்று ஓர் இளம் நிபுணர் படம் போட்டு விளக்கினார். அம்புக்குறிகள், வட்டங்கள், வட்டத்துக்குள் வட்டங்கள். நம்மவர் எழுந்தார். "சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ரங்கநாதன். கணக்கு வாத்தியார். 1924-இல் வேலைக்குச் சேர்ந்து, சும்மா இருந்து அலுத்துப் போனவரை நூலகவியல் படிக்க அனுப்பியது இந்தா, இந்தப் பக்கத்து யூனிவர்சிட்டி கொலேஜுக்குத்தான்" என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைக் கண்டு, துண்டு துண்டாகச் சேர்த்தே எந்தப் பொருளுக்கும் எண் கட்டலாம் என்று அவருக்கு உதித்தது, அதுவே 1933-இல் கோலன் நூற்பகுப்பு முறையாக வந்தது, 1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள் என்று வரிசையாக அடுக்கினார். "ஆகவே தம்பி, சனத்தைத் தேடி நூலகம் போறது உங்கட வட்டத்துக்குள்ள பிறந்ததில்லை." இதையெல்லாம் அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார், தொனி இதுதான். ஒரு வருடம்கூடப் பிழையில்லை. நிபுணர் குறிப்பெடுத்துக்கொண்டார். பதினொரு பேர் கை தூக்கியபடி இருந்தார்கள், அவர்களுடைய கேள்விகள் இன்றுவரை கேட்கப்படவில்லை.

இரண்டாவது விஷயம் யாழ்ப்பாணம். கூட்டம் சுவாஹிலிக் கவிதை பற்றியதாக இருக்கட்டும், கடல் வரைபடம் பற்றியதாக இருக்கட்டும், நூலகத்துக்குள் நிற்கும்போது அவர் 1981-க்கு வராமல் உட்கார மாட்டார். மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள். அந்த நூலகத்துக்கு ஆலோசனை சொன்னவரும் இதே ரங்கநாதன்தான் என்று சேர்ப்பார். தவணை கடந்தும் திருப்பிக் கொடுக்காத புத்தகம் ஒன்று தன் வீட்டில் இருந்ததால் அது மட்டும் தப்பியது என்பார். என்ன புத்தகம் என்று கேட்டால் கூட்டத்துக்கு ஒரு பெயர் வரும். இந்த ஒரு புளுகை மட்டும் நான் பிடிப்பதில்லை. மைக் பிடிக்கும் பிள்ளைகளும் அந்த நேரத்தில் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை.

கதவடியில் சமோசா. ஒன்று காகிதத் தட்டில், ஒன்று துடைதாளில் சுற்றிக் கோட்டுப் பையில். வைன் தொடமாட்டார், ஆனால் ஆரஞ்சுச் சாறு பெட்டியிலிருந்து வந்ததா பிழிந்ததா என்று விசாரிப்பார். நடுவே வீட்டிலிருந்து போன் வரும். "எப்ப வாறியள்? புட்டு ஆறுது." "வாறன், வாறன். கருத்துப் படிவம் நிரப்பேல்லை இன்னும்."

இந்தப் படிவத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியை மதிப்பிடும் கணக்கில் 2014 முதல், அந்த ஆராய்ச்சி வெளியுலகில் என்ன தாக்கம் செய்தது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. அப்போது 20 சதவீதம், 2021-இல் 25 ஆனது. மதிப்பெண்ணைப் பின்தொடர்ந்துதான் பணமும் வரும். கூட்டத்துக்கு வெளியாள் வந்தால் மட்டும் போதாது, வந்தவர் மனம் எப்படி மாறியது என்று எழுத்தில் வேண்டும். மற்றவர்கள் படிவத்தைக் கதிரையிலேயே போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். இவர் ஒருவர்தான் உட்கார்ந்து, பேனா கேட்டு வாங்கி, கட்டம் கட்டமாக நிரப்புவார். இனம் என்ற இடத்தில் 'இந்தியர்', 'பாகிஸ்தானியர்', 'வங்கதேசத்தவர்', 'சீனர்' எல்லாவற்றையும் தாண்டி 'வேறு ஆசியர்' கட்டத்துக்கு வந்து, பக்கத்துக் கோட்டில் 'தமிழர்' என்று எழுதி, இரண்டு முறை கீழ்க்கோடு போடுவார். 'இந்த நிகழ்ச்சி உங்கள் பார்வையை மாற்றியதா?' என்ற கேள்விக்கு ஒருமுறை அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'இல்லை. பேச்சாளரின் பார்வையை நான் மாற்றினேன்.'

ஆக, தான் பல்கலைக்கழகத்தை இலவசமாக அனுபவிக்கிறோம் என்று அவர் நினைக்கிறார். இலவசமாக ஒரு சமூகம் கிடைத்தது என்று பல்கலைக்கழகம் நினைக்கிறது. இரண்டு பக்கமும் தாங்களே கெட்டிக்காரர் என்ற திருப்தியில் சமோசா சாப்பிடுகிறார்கள்.

போன வருடம் ஒரு நூலகம் தன் ஆண்டு மலரில் 'எங்கள் சமூகம்' என்ற தலைப்பின் கீழ் அவருடைய படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டது. கை உயர்த்தியபடி. இருபது பிரதி கேட்டு வாங்கி உறவுக்கெல்லாம் அனுப்பினார். ஸ்காபரோவிலிருந்து மைத்துனர் அழைத்து, "அத்தான், யூனிவர்சிட்டியிலயோ வேலை? என்ன போஸ்ட்?" என்று கேட்டாராம்.

"போஸ்ட் எண்டு ஒண்டுமில்லை" என்றிருக்கிறார் இவர். "அவையள் பேசுவினம். நான் திருத்திறனான்."